பசியாறியாச்சா, மாப்ளே?

வா மாப்ளே, இப்படி உக்காரு. அந்த ஓரம் வேணாம், அது புளோக்குப் பூனை படுக்கற எடம். இந்தப் பொட்டலத்தை நடுவுல வைக்கிறேன். தேக்காவுல வாங்கினது, உளுந்து வடை, நாலு. உங்க அத்தைக்கு ரெண்டு, உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இப்பத் தொடாதே. பேச்சு முடியட்டும்.

போன்ல என்ன சொன்னே? “மாமா, மூணு வாரமா டயட்டுல இருக்கேன், எந்நேரமும் பசிக்குது, கனவுலகூட பிரியாணி வருது.” கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உங்க அத்தை பதறிப்போயி என்னாச்சுன்னா. சிரிப்பை அடக்கினா இப்படித்தான்டி வரும்னேன். பின்ன என்னடா? நான் 1970ல ரஜூலா கப்பல்ல டெக் டிக்கெட் எடுத்து இந்தச் சிங்கப்பூருக்கு வந்து எறங்கினதே பசிக்குப் பயந்துதான். மன்னார்குடிப் பக்கம் எங்க தெருவுல பசி இலவசம். வேணாம்னாலும் வீட்டுக்கு வந்து கொடுத்துட்டுப் போகும். நீ என்னடான்னா ராஃபிள்ஸ் பிளேஸ்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, போன்ல ஒரு ஆப்பை எறக்கி, மாசாமாசம் காசு கட்டி அதே பசியை வாங்கியிருக்கே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊர்லேருந்து மொத்த வெலைக்கு வரவழைச்சிருப்பேனே.

உன்னை நான் குண்டுன்னு சொல்ல மாட்டேன். என் தங்கச்சி பெத்த பிள்ளையை நானே சொல்வேனா? பலதுறை மருந்தகத்து டாக்டரம்மாதான் உன் உயரத்தையும் எடையையும் வச்சுக் கணக்குப் போட்டு 28னு சொன்னாங்களாம். வெள்ளைக்காரனுக்கு 25 வரைக்கும் சலுகை உண்டு. நமக்கு 23லேயே மணி அடிச்சுடுவாங்க, 27.5 தொட்டா செவப்பு விளக்கு. உலக சுகாதார நிறுவனத்து ஆளுங்க 2004ல ஆசியாக்காரங்களுக்குன்னு தனியா ஆராஞ்சு சொன்னது. சிங்கப்பூர் மறு வருஷமே எடுத்துக்கிச்சு. ஏன்னா அதே எடைக்கு நம்மாளுங்க ஒடம்புல கொழுப்பு கூட, அதுவும் வயித்துல. கையும் காலும் முருங்கைக்காய், நடுவுல பூசணிக்காய். சந்தேகம் இருந்தா லிஃப்ட்டுக் கண்ணாடியைப் பாரு.

நான் இங்க வந்த புதுசுல எனக்குப் புரியாத மொத வார்த்தை “பசியாறியாச்சா?” நம்ம ஊர்ல சாப்டாச்சான்னு கேப்போம். இங்கயும் மலேசியாவுலயும் காலைப் பலகாரத்துக்கே பசியாறன்னு பேரு. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன், நல்ல வார்த்தைடா. சூடு ஆறும், புண்ணு ஆறும், கோவம் ஆறும். பசியும் அந்தச் சாதிதான், ஆறணும். அதைக் கொல்லச் சொல்லி யாரும் சொல்லலை. நீ கொல்லப் பாக்கறே. காலையில கறுப்புக் கோப்பியை ஊத்திக் கொல்றே, மத்தியானம் நாலு எலையை மென்னு கொல்றே, சாயந்தரம் தண்ணியில முக்கிக் கொல்றே. ராத்திரி பதினொன்னரைக்கு அது எந்திரிச்சு வந்து உன் சட்டையைப் பிடிக்குது.

என்ன, கண்ணு பொட்டலத்து மேலயே இருக்கு? இரு, சரியா வெந்திருக்கான்னு ஒரு விள்ளல் பாத்துடறேன். ம்… வெந்திருக்கு.

போன ஞாயித்துக்கிழமை உன்னை தேக்காவுல பாத்தேன். நீ என்னைப் பாக்கலை, தூணுக்குப் பின்னால இருந்தே. மேசையில டிஷ்யூ பொட்டலத்தைப் போட்டு எடம் பிடிச்சு வச்சிருந்தே. மொதல்ல “தே ஓ கோசோங்”னு சத்தமா, நாலு பேருக்குக் கேக்கற மாதிரி ஆர்டர் கொடுத்தே. சீனியும் இல்ல, பாலும் இல்ல. அடடா, மாப்ளே தேறிட்டான்னு எனக்கே நெஞ்சு நெறைஞ்சுது. அடுத்து புரோட்டாக் கடைக்காரர்கிட்டப் போயி கொரலைத் தணிச்சு, “ரெண்டு கோசோங்.”

கோசோங்னா மலாய்ல காலி, வெறும்னு அர்த்தம், சரி. டீயில கோசோங்னா சீனி இல்ல. புரோட்டாவுல கோசோங்னா முட்டை இல்ல, வெங்காயம் இல்ல. எண்ணெய் இல்லன்னு எந்த அகராதியில போட்டிருக்கு? அந்தக் கடைக்காரர் கையைப் பாத்தியா நீ? தட்டுல வரிசையா மாவு உருண்டை, ஒவ்வொண்ணும் தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கப்போற பிள்ளை மாதிரி பளபளன்னு ஒக்காந்திருக்கு. அதுல ஒண்ணை எடுத்து அமுக்கறார், மேலே ஒரு கரண்டி, வீசறார், அது சலவை வேட்டியாட்டம் காத்துல விரியுது, மடிக்கிறார், மடிப்புக்கு ஒரு சொட்டு, கல்லுல போட்டுச் சுத்தி ஒரு கரண்டி. எடுத்து ரெண்டு கையாலயும் பட்டுப்பட்டுன்னு தட்டினாரே, அப்ப தெறிச்சது என்ன, பன்னீரா? நீ ரெண்டையும் ஆட்டுக்கறிக் கொழம்புல தொவட்டித் தின்னுட்டு, பூஜ்யமும் பூஜ்யமும் கூட்டினா பூஜ்யம்னு போன்ல கணக்கு எழுதினே. உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நான் கும்பிடணும்.

தின்னதைக்கூட நான் தப்புன்னு சொல்லலை. ஒளிஞ்சு தின்னே பாரு, அதுலதான் எனக்கு மனசு சங்கடமாப் போச்சு. அது உனக்குச் சின்ன வயசுல ஒட்டினது. ஆரம்பப் பள்ளியில டிஏஎஃப்னு ஒரு திட்டம் இருந்துச்சே, 1992ல ஆரம்பிச்சு 2007 வரைக்கும் பள்ளிக்கூடங்கள்ல நடந்தது. எடை கூடின பிள்ளைங்களைத் தனியாப் பிரிச்சு ஓட விடறது. அந்த மூணு எழுத்தைத் திருப்பிப் படிச்சா எஃப்ஏடி, குண்டு. பேரு வச்ச மகராசன் ஒருதடவை திருப்பிப் பாத்திருக்கலாம். பிள்ளைங்க மொத நாளே பாத்துடுச்சுங்க. கூடப் படிச்சதுங்க கேலி பண்ண, நீ சாப்பாட்டு டப்பாவை மடியில வச்சு மறைச்சுத் தின்ன ஆரம்பிச்சே. முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஆச்சு, இன்னும் தூணுக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கே. திருடித் தின்னா வயிறு ரொம்பாதுடா. எப்பப் பிடிபடுவோம்னு பாத்துக்கிட்டிருக்கிறப்ப நாக்குக்கு எங்க தெரியும் எவ்வளவு போச்சுன்னு?

இப்ப நான் சொல்லப்போறதை என் சொந்த சரக்குன்னு நெனச்சுக்காதே. என் பேத்தி பாலிடெக்னிக்குல சத்துணவு பத்திப் படிக்கிறா. அவ படிச்சுட்டு வந்து சொல்வா, நான் காது கேக்காத மாதிரி உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்குவேன்.

அமெரிக்காவுல மின்னசோட்டான்னு ஒரு எடம். 1944 கடைசியில, சண்டை நடந்துக்கிட்டிருக்கிறப்ப, ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி 36 வாலிபப் பசங்களை வச்சு ஒரு சோதனை பண்ணினார். துப்பாக்கி தூக்க மாட்டோம்னு சொன்ன பசங்க, ஒலகத்துக்கு உபகாரமா இருக்கட்டும்னு தாங்களா வந்தவங்க. 24 வாரம் அரை வயித்துச் சாப்பாடு. உருளைக்கிழங்கு, டர்னிப்பு, ரொட்டி, மக்ரோனி. என்ன ஆச்சு தெரியுமா? பசங்களுக்குப் பேச்சும் சாப்பாடு, நெனப்பும் சாப்பாடு. தட்டை நக்கினாங்க. ஒரு வேளைச் சோத்தைத் தண்ணி ஊத்திக் கரைச்சு மணிக்கணக்கா வச்சுத் தின்னாங்க. சிலபேரு சமையல் புஸ்தகத்தை வாங்கி அடுக்கி, கதைப் புஸ்தகம் மாதிரி ராத்திரியெல்லாம் படிச்சாங்களாம். நீ நடுச்சாமத்துல போர்வைக்குள்ள திண்டுக்கல் பிரியாணி வீடியோ பாக்கறியே, உங்கம்மா எங்கிட்ட சொல்லி அழுதா, பையனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு. நான் சொன்னேன், பயப்படாதே தங்கச்சி, இது 36 பேருக்கு ஏற்கனவே வந்த சீக்குதான், இவன் 37ன்னு.

இன்னொண்ணும் கேளு, உனக்கு ஆறுதலா இருக்கும். மெல்போர்ன்ல 50 பேரை 10 வாரம் கடுமையாப் பட்டினி போட்டு எடையைக் கொறைச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சு ரத்தத்தைச் சோதிச்சுப் பாத்தா, பசியைக் கௌப்பற சுரப்பு எல்லாம் இன்னும் பழைய எடத்துக்கு எறங்கலை. ஒரு வருஷம்டா! எடையைத் திருப்பிக் கொடுன்னு ஒடம்பு வாசல்ல கடன்காரனாட்டம் நிக்குது. 2011ல வெளிவந்த ஆராய்ச்சி. அதனால உனக்கு மனவுறுதி இல்ல, வைராக்கியம் இல்லன்னு ஆபீஸ்ல எவனாவது ஒல்லிப்பிச்சான் லெக்சர் அடிச்சான்னா, போடா போன்னு வந்துடு. உன் வைராக்கியத்துக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. எனக்குச் சாட்சி இருக்கு.

தைப்பூசத்துக்கு நீ பால்குடம் எடுத்தே. வாரக்கணக்கா ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். அன்னிக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும், நாலு கிலோமீட்டர், வெறுங்காலோட வெயில்ல நடந்தே. ஒரு வார்த்தை, பசிக்குதுன்னு ஒரு வார்த்தை, உன் வாய்லேருந்து வரலையே. அதே வயிறு, அதே ஆளு. டயட்டுன்னு பேரு வச்சதும் மூணாம் நாளே ஓலம். ஏன்? விரதத்துக்கு முடிவு தேதி உண்டு. வீட்டுல எல்லாரும் சேந்து இருக்கறாங்க. இன்னது தின்னலாம், இன்னது கூடாதுன்னு பேரம் கெடையாது. முக்கியமா, முருகன் உன்னைத் தெனம் காலையில தராசுல ஏத்திப் பாத்து, அய்யய்யோ 200 கிராம் கூடிட்டியேன்னு கேக்கறதில்ல.

என்கூட கப்பல் பட்டறையில வேலை பாத்த ராவுத்தர் இருந்தார். நோன்பு மாசத்துல ஜூரோங் வெயில்ல, கொதிக்கற இரும்புத் தகட்டு மேல நின்னு வெல்டிங் வைப்பார். எப்படிங்க பாய் தாங்கறீங்கன்னு கேட்டேன். “பதினோரு மணிக்கு வரும், கொஞ்ச நேரம் கத்தும், யாரும் கதவைத் தொறக்கலைன்னா போயிடும். அப்பறம் நாலு மணிக்கு இன்னொரு வாட்டி வரும்”னார். பசியைச் சொல்றாராம்! சாயந்தரம் டன்லப் ஸ்திரீட்டு பள்ளிவாசல் கஞ்சி வாளியில எனக்கும் ஒரு கிண்ணம் வாங்கிட்டு வருவார். பேத்தி சொன்னா, அது சும்மா பேச்சில்ல தாத்தா, கிரெலின்னு ஒரு சுரப்பு இருக்கு, 1999ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது, நாம வழக்கமா சாப்பிடற நேரத்துக்கு முன்னாடி ஏறும், சாப்பிடாட்டியும் அப்பறம் தானா எறங்கும்னு. ராவுத்தர் அதை ஜப்பானுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டார், பேரு வைக்கத்தான் மறந்துட்டார்.

ஆனா ஒண்ணு, நீ பாட்டுக்குக் கதவையே தொறக்க மாட்டேன்னு ஒக்காந்துடாதே. பசின்னா என்ன தெரியுமா? சம்பந்தி. பகைச்சுக்கவும் முடியாது, வீட்டோட தங்க வைக்கவும் முடியாது. வேளைக்கு எலையைப் போட்டு, மரியாதையா பரிமாறி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிடணும். நீ காலையில சம்பந்தியை வாசல்லயே நிக்க வச்சுட்டே, மத்தியானம் கீரைத்தண்டைக் காட்டி அனுப்பிட்டே, ராத்திரி அவர் ஒறவுக்காரங்களோட லாரியில வந்து எறங்கறார். அப்ப என்ன பண்றே? இருபத்திநாலு மணி நேர புரோட்டாக் கடைக்கு ஓடறே. அவமானப்பட்ட சம்பந்திக்கு எவ்வளவு ஊத்தினாலும் போதாதுடா.

பொட்டலத்தை இந்தப் பக்கம் நகத்தறேன், உன் கண்ணுல படாம இருக்கட்டும். உப்பு கொஞ்சம் கம்மியோ? …இல்ல, சரியாத்தான் இருக்கு. இது என் பங்கு, நீ மொறைக்காதே.

என்ன பரிமாறறதுன்னு கேக்கறியா? உருளைக்கிழங்கைக் கண்டா நீ பேயைக் கண்ட மாதிரி ஓடறே. 1995ல சிட்னியில 38 பண்டத்தைக் கொடுத்து எது ரொம்ப நேரம் பசி தாங்குதுன்னு அளந்து பாத்தாங்க. மொத எடம் அவிச்ச உருளைக்கிழங்கு, ரொட்டியைவிட மூணு பங்கு மேல. கடைசி எடம், உன் ஆபீஸ் கீழ விக்கற க்ரோசான்ட்டு. உருளைக்கிழங்குக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்தது எண்ணெய்ச் சட்டி. அவிச்சுத் தின்னா அது பரம சாது. அப்பறம் கொண்டக்கடலை. முன்னயெல்லாம் இங்க சினிமாக் கொட்டகை வாசல்ல நம்மாளுங்க கச்சாங் பூத்தே விப்பாங்க, பழைய காகிதத்தைக் கூம்பாச் சுருட்டி, அவிச்ச கடலையைச் சுடச்சுட கொட்டிக் கொடுப்பாங்க. ஒரு கூம்பு வாங்கினா படம் முடியற வரைக்கும் வயிறு வாயைத் தொறக்காது. அதே கடலையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில அவிச்சு, ஆபீஸ் மேசையில வை. நாலு மணிக்கு எவனாவது பொறந்தநாள் கேக்கு கொண்டாருவான் பாரு, அப்ப ரெண்டு பிடி வாயில போட்டுக்க. கடலை வேணாம், கேக்குதான் வேணும்னு உள்ள கேட்டுச்சுன்னா அது வயிறு பேசலை, நாக்கு பேசுது. பசி ருசி அறியாதுன்னு நம்ம கெழவிங்க சொன்னதே இந்தச் சோதனைக்குத்தான்.

முட்டை, மீனு, மோரு, பயறு, கீரை. தேக்கா ஈரச் சந்தையில முருங்கைக்கீரை கட்டுக்கட்டா கெடக்கு. உருவறதுக்குத்தான் உனக்கு வணங்காது. என் வீட்டுக்குக் கொண்டா, உங்க அத்தை உருவிக் கொடுப்பா.

சோத்தை விடச் சொல்ல மாட்டேன். 2016ல சுகாதார மேம்பாட்டு வாரியம், ஒரு கிண்ணம் வெள்ளைச் சோத்துல இருக்கற மாவுச்சத்து ஒரு டின் சோடாவுல இருக்கறதைப்போல ரெண்டு மடங்குன்னு சொன்னதும் ஊரே கொந்தளிச்சுது. சீனரு, மலாய்க்காரரு, நம்மாளு மூணு பேரும் ஒரே கொரல்ல பேசி நான் கண்ட விஷயங்கள்ல அதுவும் ஒண்ணு. அந்த வாரியம் போட்ட தட்டுப் படத்தைப் பாத்திருப்பே: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு தவிடு போகாத தானியம், கால் தட்டு மீனோ பருப்போ. ரேஸ்கோர்ஸ் ரோட்டு வாழை எலைச் சாப்பாட்டுல இதை அப்படியே தலைகீழாப் போட்டிருப்பாங்க. காயெல்லாம் எலை ஓரத்துல பொட்டு வச்ச மாதிரி. நடுவுல சோறு, மலை. நீ நிமிர்ந்தா வாளியோட பையன் நிப்பான், குனிஞ்சா இன்னொரு கரண்டி விழும். வேணாம்னு சொல்ல வாயைத் தொறப்பே, அதுல அப்பளம் இருக்கும். உனக்கு ஒரு வழி சொல்றேன். மொதல்ல காயைத் தின்னு தீத்துடு. அப்பறம் மீனு. கடைசியில சோறு. இந்த வரிசையில தின்னா ரத்தத்துல சக்கரை நிதானமா ஏறுதுன்னு இந்த ஊர்லயே ஆராய்ச்சி பண்ணி 2020ல எழுதியிருக்காங்க. பந்தியில பக்கத்து எலைக்காரன் உன்னை ஒரு மாதிரி பாப்பான். பாக்கட்டும்.

இன்னொரு ஆராய்ச்சியும் இங்கதான், 2015ல வந்தது. ஜெயகுமார் ஹென்றின்னு பேராசிரியர், அவர் கூட இருந்தவங்க, வெள்ளைச் சோத்தைக் கரண்டியால, குச்சியால, கையாலன்னு மூணு விதமாத் தின்ன வச்சு ரத்தத்தைப் பாத்தாங்க. குச்சியால தின்னா மெதுவாப் போகுது, நல்லா மெல்லறாங்க, கரண்டியைவிட சக்கரை கொறைச்சு ஏறுது. கைதான் ஜெயிக்கும்னு நான் பேத்திகிட்ட ஒரு வெள்ளி பந்தயம் கட்டியிருந்தேன். போச்சு, அது நடுவுல நின்னுடுச்சு. தோத்தவன் சும்மா இருப்பேனா, மறுநாள் சாம்பார் சாதத்தைக் குச்சியால தின்ன ஒக்காந்தேன். ஒரு வாய்க்கு ஆறு பருக்கை, சாம்பார் மணிக்கட்டு வரைக்கும். முக்கால் மணி நேரம் பொறுத்துப் பாத்துட்டு உங்க அத்தை தட்டைப் பிடுங்கிட்டுப் போயிட்டா. அன்னிக்கு நான் தின்னது கம்மிதான். ஆராய்ச்சி பொய்யில்ல.

தண்ணி, டீ எல்லாம் உனக்கே தெரியும். பானத்துக்கு ஏ, பி, சி, டின்னு கிரேடு போடறாங்களே, 2022 டிசம்பர் 30லேருந்து டின்னுக்கும் பாக்கெட்டுக்கும், ஒரு வருஷம் கழிச்சு கடையில கலக்கிக் கொடுக்கறதுக்கும். டி வாங்கின பானத்துக்கு விளம்பரமே பண்ணக் கூடாதாம். உன் மார்க் ஷீட்டையும் உங்கம்மா அப்படித்தான் ஒருத்தர் கண்ணுலயும் காட்டாம வச்சிருந்தா.

தூக்கம்? ரெண்டு மணி வரைக்கும் வீடியோ. சிகாகோவுல 12 பசங்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க, பசிச் சுரப்பு 28 சதவீதம் ஏறி, போதும்னு சொல்ற சுரப்பு 18 சதவீதம் எறங்கிடுச்சு. முழிச்சுக்கிட்டே இருந்துட்டு பசிக்குது பசிக்குதுன்னா, அது பசியா? கொட்டாவி, வேஷம் மாத்திக்கிட்டு வந்திருக்கு.

அதெல்லாம் முடியாது மாமா, இந்த ஊர்ல எங்க திரும்பினாலும் வாசனைன்னு சொல்வே. நெசந்தான். அதுக்கும் ஒரு எடம் வச்சிருக்கு அரசாங்கம். எம்ஆர்டி. உள்ள ஒரு வாய் தின்னாலும் 500 வெள்ளி வரைக்கும் அபராதம். சிராங்கூன்ல வட்டப்பாதை ரயில் ஏறி, பசி போற வரைக்கும் சுத்து. பக்கத்துல ஒக்காந்திருக்கறவனும் தின்ன மாட்டான். இந்தச் சீமையில இப்படி ஒரு தபோவனம் வேற எங்க கெடைக்கும்? சிரிக்காதே. ஒருதடவை நானே போயிருக்கேன், உங்க அத்தை அதிரசம் சுட்ட அன்னிக்கு.

வெளையாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். கை நடுங்குது, கண்ணு இருட்டுது, வேர்க்குதுன்னா அதை விரதம் வைராக்கியம்னு தாங்கிக்கிட்டு இருக்காதே. என்னை மாதிரி சக்கரைக்கு மாத்திரை போடறவன் வேளை தவறினா ஆபத்து. உனக்கு இன்னும் அது வரலை. வரட்டும்னு காத்திருக்காதே, 2010 கணக்குல இந்த ஊர் இந்தியருங்கள்ல பெரியவங்க நூத்துக்குப் பதினேழு பேருக்கு அது இருந்துச்சு. எதுல முந்தறோம் பாரு நாம. டாக்டரம்மா சொல்றதை எழுதி வச்சுக்க. அவங்க சொன்னதும் நான் சொன்னதும் மோதிச்சுன்னா அவங்க சொன்னதை எடுத்துக்க, ஆனா எங்கிட்ட வந்து சொல்லிக்காட்டாதே.

கடைசியா ஒண்ணு. போனைப் பாத்துக்கிட்டே தின்னாதே. பேசிக்கிட்டும் தின்னாதே. வாய் ஒரு வேலையில இருக்கிறப்ப கை என்ன பண்ணுதுன்னு வயித்துக்குத் தெரியாது, கணக்கே விட்டுப்போயிடும், எத்தனை தின்னோம், எவ்வளவு…

என்னடா சிரிக்கறே? பொட்டலத்தையா? என்ன பொட்டலத்துக்கு?

நாலு வச்சேனே.

இரு, இரு, போன் அடிக்குது. உங்க அத்தைதான். …ஆங், சொல்லு. கீழதான் இருக்கோம், வந்துக்கிட்டே இருக்கேன். …வடையா? வாங்கினேனே, நாலு வாங்கினேன். நம்ம மாப்ளே தின்னுட்டான். …ஆமா, நாலையும்தான். பாவம், விடு, திட்டாதே, டயட்டுல இருக்கான்.